தாத்தா எப்போது சரியாவார்?



காலையில் பல் துலக்கப் போன தாத்தாவின் கையிலிருந்து சொம்பு நழுவி விழுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. ஏதோ சொல்ல முயல்கிறார்; நாக்குக் குழறுகிறது. வீட்டில் ஒரே அமளி. ஒருவர் சூடாகக் காப்பி கொண்டு வருகிறார். ஒருவர் கைகாலில் எண்ணெய் தேய்க்கிறார். மூன்றாமவர், புறா இரத்தம் தடவி வாதத்தைக் குணமாக்கும் பக்கத்து ஊர்க்காரரைப் பற்றிச் சொல்கிறார். கடைசியில் எப்படியோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே வராந்தாவில் நின்றுகொண்டு எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்போது சரியாவார், டாக்டர்?"

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு கொஞ்சம் வாதாட விரும்புகிறேன். கேள்வியில் அன்பு இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் நாளில் இதற்கு எந்த மருத்துவராலும் உறுதியான பதில் தர முடியாது. "பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அத்தை "எல்லாம் போயிற்று" என்று அழுவார். மாமா "பத்தே நாளில் எழுந்து நடப்பார், பாருங்கள்" என்பார். இருவர் சொல்வதும் மருத்துவர் சொன்னது அல்ல. பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள் வேறு உண்டு. எந்த வகை? எந்த இடம்? எது போயிற்று, எது மிச்சம் இருக்கிறது? இவற்றைக் கேட்பதற்கு உங்கள் அறிவியல் பாடம் போதும். வீட்டில் இப்போது அறிவியல் படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தானே?

பக்கவாதம் என்ற பெயரைக் கேட்டதும் அது கைகால் நோய் என்று எண்ணிவிடுகிறோம். தாத்தாவின் கைத்தசைகள் நேற்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் மூளையில் ஒரு பகுதிதான் இரத்தம் இன்றித் தவிக்கிறது. மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ, உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சேமித்து வைக்கும் வழக்கமும் அதற்கு இல்லை. அன்றாடக் கூலியில் அன்றாடம் உலை வைக்கும் வீடு அது. ஆகவே இரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே நரம்புச் செல்கள் சாகத் தொடங்குகின்றன. இந்த நேரத்தில் காலுக்குப் புறா இரத்தம் தடவுவது, டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனதற்கு வீட்டு மின்விசிறியைத் துடைத்த கதைதான். பாவம் அந்தப் புறா!

இரத்தம் நின்றுபோவது இருவகையில் நிகழலாம். குழாயை ஒரு இரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளலாம். அல்லது குழாயே வெடித்து மூளைக்குள் இரத்தம் கசியலாம். பெரும்பாலானவை முதல் வகை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதே கோணிய வாய், அதே தொங்கும் கை. எவ்வளவு அனுபவம் உள்ள மருத்துவரானாலும் கட்டிலருகே நின்று பார்த்து மட்டும் உறுதி சொல்ல இயலாது. சிகிச்சையோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். கட்டியைக் கரைக்கும் மருந்தை, இரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுப்பார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வாதத்துக்கும் வீட்டிலேயே கொடுக்கிறவர்கள் உண்டு. ஸ்கேன் எடுக்கும் முன் அது கூடாது.

உயிரோடு இருப்பவரின் மண்டைக்குள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி பிறந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலையைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கணிப்பொறியின் உதவியால் மூளையைக் குறுக்கே அரிந்தாற்போன்ற படம் எடுத்தார்கள். அதுவே நோயாளிக்கு எடுக்கப்பட்ட முதல் சி.டி. ஸ்கேன். கருவியை அமைத்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு பொறியாளர். இதற்கான கணிதத்தைத் தனியே கண்டறிந்திருந்த ஆலன் கார்மாக் ஓர் இயற்பியலாளர். 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இந்த இருவருக்கும் கிடைத்தது! மருத்துவம் என்றால் உயிரியல் மட்டும்தான் என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு எதற்கு ஐ.சி.யு.வில் வைக்கிறார்கள்?" என்று உறவினர்கள் சண்டைக்குப் போவதுண்டு. இரத்தக் கசிவு சி.டி. படத்தில் உடனே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அடைப்பினால் வந்த சேதமோ முதல் சில மணி நேரம் படத்தில் தெரியாமலே இருக்கலாம். ஆகையால் "ஒன்றும் இல்லை" என்றால் "கசிவு இல்லை" என்பதே பொருள்; தாத்தாவுக்கு நோய் இல்லை என்பதல்ல. சொல்லப்போனால் அது நல்ல சேதி. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பற்றி மருத்துவர் இனி யோசிக்கலாம்.

அந்த மருந்துக்கு நேர வரம்பு உண்டு. தாக்கு தொடங்கி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் உண்டு என்று 1995இல் ஓர் ஆய்வு காட்டியது. நாலரை மணி நேரம் வரை பயன் உண்டு என்று 2008இல் இன்னொன்று காட்டியது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையின் பெரிய குழாயில் சிக்கிய கட்டியையே வெளியே இழுத்துவிடும் முறை 2015க்குப் பிறகு நிலைபெற்றது. தகுந்த நோயாளிகளுக்கு இதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். அதற்காக ஆற அமரப் போகலாம் என்று எண்ண வேண்டாம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடம் ஒன்றுக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். மூளையில் இருப்பவை மொத்தம் 8,600 கோடி. ஒரு மணி நேரம் தாமதித்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எனவே மருத்துவர் முதலில் கேட்பது, "கடைசியாக இவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" என்பதுதான். பெரியவர்கள் பதற்றத்தில் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். "இரவு பத்தரைக்கு என்னோடு பேசிவிட்டுப் படுத்தார்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரிக்கு அந்த அறையில் மதிப்பு மிக அதிகம். முகம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் தொங்குதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும் 108ஐ அழையுங்கள். காப்பி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்கும் தசைகளும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். பெரிய தாக்கு வரப்போகிறது என்பதற்கு அது எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

இனி, எந்த இடம் என்ற கேள்வி. இதைக் கேட்கத் தெரியாததால் நேர்ந்த ஒரு கொடுமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் பெரியப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் பேச்சு ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது: "ஆமா." வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. கோபம் வந்தால் ஆமா, ஆமா, ஆமா! மூளை கலங்கிப் போயிற்று என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அவர் எதிரிலேயே நிலத்தை விற்பது பற்றிப் பேசினார்கள். இனி இவரை யார் வைத்துப் பார்ப்பது என்றும் பேசினார்கள். பெரியப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு நாள் நானும் தம்பியும் அவர் கட்டிலருகே தரையில் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். நான் புலியை நகர்த்தப் போனேன். மேலிருந்து "ஆமா!" என்று ஓர் அதட்டல். பெரியப்பா இடக்கையை நீட்டி வேறோர் இடத்தைக் காட்டினார். அங்கே வைத்தேன், அடுத்த நகர்த்தலில் ஓர் ஆடு வெட்டுப்பட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவரே எனக்கு எதிராக ஆடினார். நான் வென்ற ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூளை கலங்கியவரால் இப்படி ஆட முடியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அறையில் நிலத்தைப் பற்றி யாரும் பேச அம்மா விடவில்லை.

எனக்கு விளக்கம் கிடைத்தது கல்லூரியில், பால் புரோக்காவைப் பற்றிப் படித்தபோதுதான். 1861இல் பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் அவர் சொல்வது "டான்" என்ற ஓரசைதான். அதையும் இரண்டு முறை சொல்வார். ஆனால் கேட்டதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். எண்களை இடக்கை விரல்களால் காட்டினார். கடிகாரம் பார்த்து மணி சொன்னார். அவர் இறந்ததும் புரோக்கா மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க முன்மூளையில் ஒரு பகுதி கெட்டிருந்ததைக் கண்டார். லெபோர்னுக்கு நோய் வந்த விதம் வேறு. மெல்ல மெல்ல வந்தது. ஆனால் அந்த இடம் கெட்டால் சொல் வெளியே வராது, சிந்தனை உள்ளே இருக்கும் என்பது அன்று முதல் தெரிந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே இதற்கு மறுதலையைக் காட்டினார். வேறோர் இடம் கெட்டால் பேச்சு சரளமாக ஓடும். பொருள் இருக்காது, பிறர் பேசுவதும் புரியாது.

மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்புகள் முகுளத்தில் குறுக்கே கடப்பதால் இடப்பக்க மூளை வலக்கையை ஆள்கிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. பெரியப்பாவுக்கு வலக்கையும் பேச்சும் சேர்ந்தே போனதன் காரணம் இதுவே. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் கதை வேறு மாதிரி. பேச்சு நன்றாக இருக்கும். ஆனால் சிலருக்கு இடப்பக்கத்து உலகமே கவனத்திலிருந்து மறைந்துவிடும். கண் தெரியும், கவனம் போகாது. இலையில் இடப்பக்கம் வைத்த ஊறுகாயும் பொரியலும் அப்படியே இருக்க, "எனக்கு ஏன் வைக்கவில்லை?" என்று கேட்பார். வீட்டில் இதைப் பிடிவாதம் என்பார்கள். இலையைச் சற்றுத் திருப்பி வைத்தால் விஷயம் புரிந்துவிடும்!

சரி, போனது திரும்புமா?

செத்த நரம்புச் செல்கள் பிழைத்து வருவதில்லை. ஆனால் சேதமான இடத்தைச் சுற்றி, அரைகுறை இரத்தத்தில் மயங்கிக் கிடந்த செல்களில் பல சில நாட்களில் தேறுகின்றன, வீக்கமும் வடிகிறது. அதன் பிறகு நடப்பது இன்னும் சுவையானது. வெள்ளத்தில் பாலம் போய்விட்டால் பேருந்து என்ன செய்கிறது? ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறது. முதலில் தட்டுத் தடுமாறும். போகப் போகத் தடம் படியும். மூளையும் மீதமுள்ள பகுதிகளின் வழியாக வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. ஓட ஓடத்தான் தடம் படியும். பயிற்சியின் தேவை இதுவே. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும்; பிறகு மெதுவாகும். பெரும்பாலும் கால் முந்திக்கொள்ளும், கை பிந்தும்.

யாருக்கு எவ்வளவு திரும்பும் என்பதற்கும் சில அடையாளங்கள் கண்டிருக்கிறார்கள். 2010இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், தாக்கு ஏற்பட்ட மூன்று நாட்களுக்குள் மடங்கிய விரல்களைச் சிறிதாவது நீட்டவும் தோளைச் சற்று விலக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 விழுக்காடு என்று தெரிந்தது. இரண்டும் முடியாதவர்களுக்கு 25 விழுக்காடு. "விரல் லேசாக அசைகிறது, அவ்வளவுதான்" என்று உதட்டைப் பிதுக்குகிறோமே, அந்த அசைவுதான் அன்றைய பெரிய செய்தி! அசையாதவர்களிலும் நால்வரில் ஒருவருக்கு வாய்ப்பு இருப்பதையும் மறக்க வேண்டாம்.

ஓர் அதிசயக் கதையும் சொல்கிறேன். நியூயார்க்கில் கல்லூரி ஆசிரியராக இருந்த பேத்ரோ பாக்-இ-ரீட்டாவுக்கு 1950களின் கடைசியில் கடுமையான பக்கவாதம் வந்தது. இனி முன்னேற்றம் இராது என்று மருத்துவர்கள் கருதினார்கள். மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ், தந்தையைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். குழந்தை நடக்கக் கற்பது போலவே முதலில் தவழச் செய்தார், சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு. தரையில் கோலிக்குண்டு உருட்டச் செய்தார். பாத்திரம் தேய்க்கச் செய்தார். மாதங்கள் பல ஓடின. தந்தை மீண்டும் நடந்தார், பேசினார், கல்லூரிக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார். சில ஆண்டுகள் கழித்துக் கொலம்பியாவில் மலை ஏறப் போனபோது மாரடைப்பால் இறந்தார். பரிசோதித்தபோது மூளைத்தண்டில் பெரிய சேதம் அப்படியே இருந்தது. சேதம் ஆறாமலே செயல் திரும்பியிருந்தது!

இக்கதையைப் படித்தவுடன் தாத்தாவைத் தவழவிடக் கிளம்பிவிடாதீர்கள். நான் வாதாட விரும்புவதன் மையமே இதுதான். அதிசயமாகத் தேறியவரின் கதை புத்தகத்தில் ஏறுகிறது. அதே அளவு பாடுபட்டும் தேறாதவரின் கதையை யாரும் எழுதுவதில்லை. ஆகவே ஒரு கதையை எடுத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் விதி செய்ய முடியாது. நம் நாட்டிலேயே இதைச் சோதித்தார்கள். 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள். ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களுமாக முதல் பிரிவில் 47 விழுக்காடு. இரண்டாவதிலும் 47 விழுக்காடு. வித்தியாசமே இல்லை. முதல் நாளிலேயே நோயாளியை எழுப்பி அடிக்கடி நடக்க வைத்தால் நல்லது என்று நம்பி ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வும் 2015இல் ஏமாற்றியது. அப்படிச் செய்தவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவாகவே இருந்தது.

இதைச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்வதா என்று சிலர் கேட்பார்கள். பெரியப்பாவுக்குப் பேச்சு திரும்பவில்லை. "நாம் சரியாகக் கவனிக்காததால்தான்" என்று பெரியம்மா பல காலம் தம்மையே நொந்துகொண்டார். அந்த நோவுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை என்று அவரிடம் சொல்ல அன்று யாரும் இல்லை. பேச்சு திரும்பாதது பெரியம்மாவின் குற்றமல்ல. பெரியப்பாவை உணர்வற்றவராக நடத்தியதுதான் எங்கள் எல்லோருடைய குற்றம். முன்னது எங்கள் கையில் இல்லை, பின்னது இருந்தது.

பயிற்சியை அதற்குரியவர் வழிகாட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அன்பு அதற்கு மாற்று ஆகாது. அன்பு மிகுதியால் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறோம். தோள்மூட்டு விலகி ஆயுளுக்கும் வலி தங்கிவிடுகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார், நல்ல ஏற்பாடு. பேச்சுப் பயிற்சி தருபவரோ சிற்றூர்களில் இன்னும் அரிதாகவே கிடைக்கிறார். "ஆமா" என்ற ஒரு சொல்லோடு வாழ்கிறவருக்கும் ஒருவர் கிடைக்க வேண்டும் என்று நாம் குரல் கொடுத்தால் என்ன?

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சிறியவைதாம். இரத்த அழுத்த மாத்திரையை "இப்போதுதான் நன்றாக இருக்கிறாரே" என்று நிறுத்திவிட்டால் மறுபடியும் தாக்கு வரலாம். மாத்திரை அட்டையை நீங்கள் எண்ணிப் பாருங்கள். மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. காரணமின்றி அழுகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேசும்போது ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். தலையசைப்பு, படம், விரல், எதுவும் பதில்தான்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். அடைப்பா, கசிவா? மூளையின் எந்தப் பக்கம்? பேச்சு புரிகிறதா, விழுங்க முடிகிறதா? விரல் எந்த நாள் அசைந்தது? இந்த வாரம் செய்ய வேண்டிய பயிற்சி எது, செய்யக் கூடாதது எது? பதிலைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வராந்தாவில் நின்று கேட்க வேண்டாம். கட்டிலருகே நின்று கேளுங்கள். தாத்தாவின் காதிலும் விழட்டும்.